ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்: நீலகிரித் தோட்டங்களில் விசுவாசத்தின் விலை

பந்தலூர் வட்டத்தில் நடந்த ஒரு சட்ட ஆலோசனை முகாமுக்கு, கொழுந்து பறித்து ஓய்வு பெறும் வயதை எட்டிய ஒரு பெண் வந்தார். கையில் இருந்த நெகிழி உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று, ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று குறிக்கப்பட்ட அவருடைய மகளின் சாதிச் சான்றிதழ். மற்றொன்று, பேத்தியின் ஞானஸ்நானத்துக்காகச் சபையில் கொடுத்த விண்ணப்பப் படிவம். அது இன்னும் நிரப்பப்படவில்லை. “தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா அது போயிருமா?” என்று கேட்டார்.

நாற்பது ஆண்டுகளாக லயத்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவர் அவர். கணவர் இறந்தபோதும், யானை வீட்டுச் சுவரை இடித்தபோதும், அடுத்த வீட்டாரின் கண்ணீரைத் துடைக்க முதலில் போய் நின்றவர். தம்மைத் தாங்கிய விசுவாசத்தைப் பேத்திக்குக் கொடுக்க விரும்புகிறார். கொடுத்தால் மகளின் வேலையும் பேத்தியின் கல்வியும் என்னவாகும் என்று அஞ்சுகிறார். அவருடைய கேள்வி ஒரு குடும்பத்தின் தனிப்பட்ட குழப்பமன்று. இந்தியச் சட்டம் தலித் கிறித்தவர்கள் மீது 1950 முதல் சுமத்தியிருக்கும் கேள்வி அது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லயத்தில் கையளிக்கப்பட்ட விசுவாசம்

நீலகிரியின் கிறித்தவம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1830இல் அர்ச்சிக்கப்பட்ட உதகை ஸ்டீபன் ஆலயம். அது ஆங்கிலேய அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர்களின் கிறித்தவத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தலித் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றின் விசுவாசம், கடல் கடந்து போய்த் திரும்பி வந்த ஒன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆயிரமாயிரம் தமிழர்கள் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட மக்கள். 1854இல் சர்ச் மிஷனரி சங்கம் இலங்கையில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பணியைத் தொடங்கியது. அப்பணியின் பெயரே அக்காலத்தின் பார்வையைச் சொல்லிவிடும். ஆனால் அப்பணியைத் தோட்டந்தோறும் நடந்து செய்தவர்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து சென்ற தமிழ் உபதேசியார்கள். வேலை முடிந்த மாலையில், பெரட்டுக் களத்திலும் லயத்து வாசலிலும் நின்று, எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டாகவும் கதையாகவும் வேதாகமத்தைச் சொன்னவர்கள் அவர்கள்.

தலித் மக்கள் தாமே தேடிப் பெற்று, தாமே பரப்பிய விசுவாசம் இதற்கு முன்பும் உண்டு. மயிலாடியின் மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சையில் ஞானஸ்நானம் பெற்று, தம் சாம்பவர் மக்களிடம் திரும்பி வந்தார். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தது அவர் அழைப்பின் பேரில்தான். அங்கே 1809இல் ஆலயம் எழுந்தது. பஞ்சாபின் சியால்கோட் பகுதியில், தோல் வாங்கி விற்ற தித் என்ற சூரா சாதியினர் 1873இல் தாமாகவே மிஷனரியைத் தேடிச் சென்று ஞானஸ்நானம் கேட்டார். ‘மிஷனரி வந்தார், மக்களை மாற்றினார்’ என்ற கதையைவிட, ‘மக்கள் மாறினர், மிஷனரியை அழைத்தனர்’ என்பதே பல இடங்களில் உண்மை.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, குடியுரிமைச் சட்டத்தின் வழியாக மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றும் எழுதியது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. எந்த ஒப்பந்தத்திலும் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்த குடும்பங்களுள் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கப்பட்டதே, பின்னாளில் ‘டான்டீ’ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று.

தகரப் பெட்டியில் வேதாகமத்தையும் பாமாலைப் புத்தகத்தையும் வைத்து வந்தவர்களுக்கு, புதிய காட்டில் ஆலயமும் இல்லை, போதகரும் இல்லை. பெண்கள் லயத்து அறையில் கூடினர். சமைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்துக் காணிக்கையாக்கினர். ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி ஓய்வுநாள் பள்ளி நடத்தினர். குடிப்பழக்கத்தில் விழுந்தவனின் வீட்டுக்கும், பிள்ளையை இழந்தவளின் வீட்டுக்கும் கூட்டமாகப் போய் அமர்ந்தனர். சோர்ந்தவரைத் தாங்குதல் என்பது அங்கே பிரசங்கத்தின் பொருளாக இருக்கவில்லை. சம்பளம் வராத வாரத்தில் அரிசி கடன் கொடுப்பதும், பிரசவத்துக்கு ஆள் துணை போவதும், பிணத்தைத் தூக்கத் தோள் கொடுப்பதுமாக இருந்தது.

ஒரே சொல், இரண்டு விளைவு

இவ்வாறு வளர்ந்த விசுவாசத்தின் எதிரே நிற்பது, 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை. அரசமைப்பின் 341ஆம் உறுப்பின்கீழ் பிறப்பிக்கப்பட்ட அவ்வாணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தை வெளிப்படையாக மேற்கொள்பவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். இந்த விலக்கு விடுதலைக்குப் பின் தோன்றியதுமன்று. ஆங்கிலேய ஆட்சியின் 1936 ஆணையே இந்தியக் கிறித்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 10ஐ தலித் கிறித்தவர்கள் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனால்தான்.

சட்டம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசமைப்பின் 25ஆம் உறுப்பு, மதத்தை வெளிப்படையாக மேற்கொள்ளவும், பின்பற்றவும், பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1950 ஆணை, மதத்தை வெளிப்படையாக மேற்கொள்வதையே தகுதியிழப்புக்குக் காரணமாக்குகிறது. ஆங்கில மூலத்தில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வினைச்சொல். ஓர் இடத்தில் அது உரிமை. மற்றோர் இடத்தில் அதற்கு விலை உண்டு.

அச்சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில் பொருள் கூறியுள்ளது. ஒருவர் தம் மத நம்பிக்கையை ஊரறிய வெளிப்படுத்துவதே அதன் பொருள் என்றது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு தலித் பெண் இயேசுவைத் தம் நெஞ்சில் வைத்திருந்தால் சட்டம் ஒன்றும் கேட்பதில்லை. அவர் அதை அறிக்கையிடும்போது, பிள்ளைக்குக் கையளிக்கும்போது, கல்யாணத்தைச் சபையில் நடத்தும்போது சட்டம் குறுக்கே வருகிறது. சட்டத்தின் அடி விழுவது நம்பிக்கையின் மீதன்று, அதைக் கையளிக்கும் செயலின் மீது.

என்னென்ன போகும்? தமிழ்நாட்டில், கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவர். 18 விழுக்காட்டுப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டிலிருந்து விலகி, நிலமும் கல்வியும் பெற்ற பல சாதிகளோடு 26.5 விழுக்காட்டுக்குள் போட்டியிட வேண்டும். 2007இல் கிறித்தவர்களுக்கெனத் தமிழக அரசு தந்த 3.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் பயன் தரவில்லை என்று சபைத் தலைவர்களே கேட்டுக்கொண்டதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமை போகும். எல்லாவற்றினும் கொடியது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் போகும். 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதி சொல்லித் தாக்கப்பட்டதாகப் புகார் அளித்த ஒரு போதகரின் வழக்கை, அவர் கிறித்தவர் என்ற காரணத்தால் இச்சட்டத்தின்கீழ் செல்லாது என்று ரத்து செய்தது. அடித்தவன் சாதியைப் பார்த்து அடிக்கிறான். நீதிமன்றம் மதத்தைப் பார்த்துக் கதவை மூடுகிறது.

இதில் அரசின் முரண்பாடு வெளிப்படையானது. தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்துறை, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் கல்வி உதவித்தொகை தருகிறது. மதம் மாறினாலும் சாதியின் ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதை அரசு அறிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1985இல் தீர்ப்பளிக்கப்பட்ட சூசை எதிர் இந்திய ஒன்றியம் வழக்கு இதன் வேர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஒரு கிறித்தவ ஆதிதிராவிடருக்கு, அதே தொழில் செய்த இந்துக்களுக்குக் கிடைத்த பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று ஆதாரங்களோடு காட்ட வேண்டும் என்று கூறி உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆதாரம் 2007இல் வந்தது. நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மூன்றாவது பத்தியை நீக்கி மதச்சார்பற்ற வரையறையைக் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் மனுக்கள் இருபது ஆண்டுகளைக் கடந்தன. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டு, அதற்குக் காலநீட்டிப்பும் தரப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

பதிவேடு சாட்சியாகும்போது

ஞானஸ்நானப் பதிவேடு சபையின் நினைவுப் புத்தகம். பிள்ளையின் பெயர், பெற்றோரின் பெயர், நாள், ஞானப் பெற்றோரின் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். விசுவாசம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றதற்கான சாட்சி அது. இன்று அதே ஏடு விசாரணைக் கோப்பில் சான்றாவணமாகிறது.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த செல்வராணி வழக்கை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரியைச் சேர்ந்த அவர், அரசு எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். குழந்தைப் பருவத்தில் அவருக்கு அளிக்கப்பட்ட ஞானஸ்நானமும், பெற்றோரின் திருமணம் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவானதும் அவருக்கு எதிரான சான்றுகளாயின. உண்மையான நம்பிக்கையின்றி, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கூறிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். மோசடி என்னும் சொல் கடுமையானது. ஆனால் நம்பிக்கையையும் உரிமையையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று குடிமகளிடம் கேட்கும் ஆணை நியாயமானதா என்ற கேள்வி அவ்வழக்கில் தீர்க்கப்படவில்லை.

மற்றொரு வழக்கு நம் மலைகளுக்கு இன்னும் அருகில் நடந்தது. மூணாறு தேயிலை மலைகளை உள்ளடக்கிய தேவிகுளம், கேரளத்தின் பட்டியல் சாதித் தனித்தொகுதி. 2021இல் அங்கு வென்ற அ. ராஜா, தமிழகத்திலிருந்து குண்டளைத் தோட்டத்துக்கு வேலை தேடிச் சென்ற குடும்பத்தின் வழிவந்தவர். (நீலகிரி நாடாளுமன்ற உறுப்பினர் ஆ. ராசாவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் கிறித்தவர் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், தோட்டத்துச் சி.எஸ்.ஐ. சபையின் பதிவேடுகள் நீதிமன்றத்துக்கு வரவழைக்கப்பட்டன. அவற்றில் திருத்தங்கள் இருப்பதாகவும் வாதம் எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாதென அறிவித்தது. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர் பதவியை உறுதி செய்தது. ஈராண்டுக் காலம் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் ஞானஸ்நானமும் கல்யாணமும் பிணமடக்கமும் நாடறியக் கிளறப்பட்டன.

மாறுபட்ட தீர்ப்புகளும் உண்டு. இராமநாதபுரத்தைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் கிறித்தவரை மணந்தார் என்பதாலும், அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்தது என்பதாலும் அவர் சான்றிதழ் ரத்தானது. கணவரோடும் பிள்ளைகளோடும் ஆலயத்துக்குச் செல்வதால் மட்டும் ஒருவர் தம் மதத்தைக் கைவிட்டதாகாது என்று கூறி, 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை மீட்டுத் தந்தது. ஆக, ஒரே செயலுக்கு ஒரு நீதிமன்றத்தில் ஒரு பொருளும் வேறொரு நீதிமன்றத்தில் வேறு பொருளும் கிடைக்கக்கூடும். இந்த நிச்சயமின்மைதான் லயத்து வீட்டுக்குள் அச்சமாக நுழைகிறது.

பலவீனர் யார்?

சான்றிதழில் இந்துவாகவும் வீட்டில் கிறித்தவராகவும் வாழ்வோரை நம் சமூகம் இரண்டு பெயர்களால் அழைக்கிறது. வெளியே ‘மோசடிக்காரர்’, சபைக்குள் ‘பலவீன விசுவாசி’. இரண்டுமே ஆராயப்பட வேண்டியவை.

தலித் மக்களின் நம்பிக்கையைப் பலவீனமானதென்று கருதுவது பழைய வழக்கம். 1936இல் மிஷனரித் தலைவர் ஜான் மாட்டோடு உரையாடியபோது காந்தி, பசுவுக்கு நற்செய்தி சொல்வீர்களா என்று கேட்டு, தீண்டப்படாதோரின் புரிதலை அதனினும் கீழாக ஒப்பிட்டார். 2002இல் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், சிறுவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரை மாற்றினால் கூடுதல் தண்டனை என்றது. தாமாக முடிவெடுக்கும் திறனற்றவர் வரிசையில் தலித்துகளும் பெண்களும் குழந்தைகளோடு நிறுத்தப்பட்டனர். 2004இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டாலும் அப்பார்வை மறையவில்லை. மருத்துவரும் தொழிற்சங்கவாதியுமான பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்த நாவல், வால்பாறைத் தொழிலாளரின் துயரைச் சொன்னது. அதை அடிப்படையாகக் கொண்டு 2013இல் வந்த ‘பரதேசி’ திரைப்படமோ, தோட்டத் தொழிலாளரின் மதமாற்றத்தை ரொட்டிக்கு மயங்கிய கூட்டத்தின் கூத்தாகக் காட்டியது.

அரை நூற்றாண்டு காடும் மழையும் அட்டையும் கண்டு, நாடற்று, வீடற்று, அப்போதும் தம் ஜெபத்தைக் கைவிடாதவர்களைப் பலவீனர் என்று சொல்ல எவருக்குத் தகுதி உண்டு? பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினான்காம், பதினைந்தாம் அதிகாரங்கள் இப்பொருளையே பேசுகின்றன. அங்கே அறிவுரை பலவீனருக்கன்று, பலமுள்ளோருக்கு. தீர்ப்பிடாதே, இடறலாக நிற்காதே, அவர் சுமையை நீயும் சும என்பதே அதன் சாரம். நிலமும் உத்தியோகமும் உள்ள விசுவாசி, ஒரு சான்றிதழைத் தவிர வேறெதுவும் இல்லாத விசுவாசியின் உறுதியை அளப்பது அந்நிருபத்துக்கே எதிரானது.

நான் இதைச் சொல்வதால், பொய் உறுதிமொழியை நியாயப்படுத்துகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். வழக்கறிஞனாக அதன் ஆபத்தை அறிவேன். தகுதியற்ற சாதிச் சான்றிதழில் பெற்ற பயன், மோசடி எண்ணம் இல்லாவிடினும் பறிக்கப்படும் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் ஜகதீஷ் பாலாராம் பாஹிரா வழக்கில் கூறிவிட்டது. இருபது ஆண்டு வேலைக்குப் பின்னும் மாவட்ட விழிக்கண் குழுவின் கடிதம் வரலாம். ஆனால் தனிமனிதரைக் குற்றக்கூண்டில் நிறுத்தும் முன், அக்கூண்டைக் கட்டிய ஆணையை நாம் கேள்வி கேட்க வேண்டும்.

நீலகிரியின் கணக்கு

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியின் மக்கள்தொகை 7,35,394. அவர்களுள் பட்டியல் சாதியினர் சுமார் 32 விழுக்காடு. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. கிறித்தவர் சுமார் 11 விழுக்காடு. முதல் எண்ணுக்குள் ஒரு தலித் கிறித்தவர்கூட இல்லை. ஏனெனில் கணக்கெடுப்பும் 1950 ஆணையையே பின்பற்றி, இந்து, சீக்கிய, பௌத்தரை மட்டுமே பட்டியல் சாதியில் எண்ணுகிறது. இரண்டாம் எண்ணுக்குள் அவர்கள் சாதியற்றவர்களாகக் கரைந்துவிடுகின்றனர். இருக்கும் மக்களை இல்லாதவர்களாக்குவதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி 2009 முதலும் கூடலூர் சட்டமன்றத் தொகுதி 2011 முதலும் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதிகள். அதே கூடலூரின் தோட்டத்தில் பிறந்து, அதே லயத்தில் வளர்ந்து, அதே கொழுந்தைப் பறித்த ஒரு தலித் கிறித்தவப் பெண் அங்கே வாக்களிக்கலாம், வேட்பாளராக நிற்க முடியாது. இதற்கிடையில் 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திரும்ப ஒப்படைக்க அரசாணை வந்தபோது, வேலையும் குடியிருப்பும் போய்விடுமோ என்ற அச்சம் எல்லாத் தொழிலாளரையும் ஒன்றாகவே பிடித்தது. ஓய்வு பெற்றவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற விதி இந்துவென்றும் கிறித்தவரென்றும் பார்க்கவில்லை. துன்பம் பிரிக்காத மக்களைச் சலுகை மட்டும் பிரிக்கிறது.

சபைக்குள் நிற்கும் சுவர்

அரசை மட்டும் குற்றம் சாட்டி முடித்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். கிறித்தவத்தில் சாதியில்லை என்பதே 1950 ஆணையின் கற்பனை. அந்தக் கற்பனையை ஏட்டளவில் காத்து, நடைமுறையில் பொய்யாக்கியது சபைதான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவே சாதிச் சுவர் நிற்கிறது. விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறித்தவர்கள் சம உரிமை கேட்டபோது வன்முறை வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். சபைக்குள் தலித்துகள் ஒடுக்கப்படுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினாலாக அந்தோனி பூலா நியமனம் பெற 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணல் அம்பேத்கர், மதம் மாறிய தீண்டப்படாதோரின் நிலை குறித்து எழுதிய கட்டுரையில் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். சபை சாதியை ஒழிக்கவில்லை. மாறியவர்களும் தமக்கு இழைக்கப்படும் அநீதியை எதிர்த்துப் போராட முன்வரவில்லை. இவ்விரண்டுக்கும் பதில் தேடியவர்கள் நம்மிடையே உண்டு. 1980களில் சென்னை குருகுல் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்கு வடிவம் தந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ தியாப்பிலஸ் அப்பாவு, பறையும் கிராமிய மெட்டும் கொண்டு வழிபாட்டையே மாற்றி அமைத்தார். விசுவாசத்தைக் கையளிப்பது என்றால் மக்களின் மொழியையும் தாளத்தையும் மானத்தையும் சேர்த்துக் கையளிப்பது என்று அவர்கள் காட்டினர்.

செய்ய வேண்டியவை

சபைகள் முதலில் செய்ய வேண்டியது, சான்றிதழுக்கு அஞ்சி ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடும் குடும்பத்தைத் தீர்ப்பிடாமல் இருப்பது. அடுத்தது, ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோருக்குச் சட்ட விளைவுகளை ஒளிவுமறைவின்றி எடுத்துரைப்பது. பதிவேடுகளைத் திருத்துவதும் அழிப்பதும் குற்றம். அவற்றைப் பாதுகாப்பாக வைத்து, உரிய ஆணையின்றி எவருக்கும் தராமல் இருப்பது கடமை. சபை நடத்தும் கல்வி நிறுவனங்களில் தலித் கிறித்தவருக்கு உரிய இடம் தருவதற்கு எந்த ஆணையத்தின் அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு மறுத்ததைச் சபையும் மறுத்துவிட்டு, விசுவாசத்தில் உறுதியாயிருங்கள் என்று பிரசங்கிப்பதில் பொருளில்லை.

தலித் இயக்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தலித் கிறித்தவர் வந்தால் இருக்கும் ஒதுக்கீடு பங்கு போடப்படும் என்ற கவலை உண்மையானது. அதை இகழ்ந்து ஒதுக்க முடியாது. ஆகவே பட்டியலில் சேர்ப்பதோடு, மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவை உயர்த்தும் கோரிக்கையையும் இணைத்தே எழுப்ப வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எவருடைய பங்கையும் குறைப்பதன்று. அதை மதவேறுபாடின்றி விரிப்பதற்கு உடனடியாகக் குரல் கொடுக்கலாம். வரும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகும் என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. தலித் கிறித்தவர் தம் மதத்தையும் சாதியையும் உள்ளபடி பதிவு செய்ய, மலைத்தோட்டங்களில் இப்போதே விழிப்புணர்வுப் பணி தொடங்க வேண்டும். எண்ணப்படாத மக்களுக்காக எந்த நீதிமன்றமும் பேசாது.

சட்ட மாணவர்கள் தங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள தோட்டத்துக்குப் போங்கள். சான்றிதழ் விசாரணைக்கு அழைக்கப்படுபவருக்கு அறிவிப்பும், ஆவணங்களின் நகலும், பதிலளிக்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தனியாகப் போகாமல் துணையோடு போகச் சொல்லுங்கள். இதுவும் சோர்ந்தவரைத் தாங்குதல்தான்.

பந்தலூர் முகாமில் அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் எனக்கே நிறைவு தரவில்லை. மகளின் நிலை என்ன, எந்தக் கையெழுத்துக்கு என்ன விளைவு, ஆபத்து எங்கே இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி விளக்கினேன். கேட்டுவிட்டுப் படிவத்தை மடித்து மீண்டும் உறைக்குள் வைத்தார். “பாட்டு மட்டும் சொல்லிக் குடுத்திருக்கேன். அதுக்குச் சான்றிதழ் கேக்க மாட்டாங்கல்ல?” என்றார்.

கேட்க மாட்டார்கள் என்றேன். ஒரு பாட்டி தம் பேத்திக்குப் பாட்டோடு பெயரையும் கொடுக்கக்கூடிய நாள் வரும்வரை, மூன்றாவது பத்திக்கு எதிரான வழக்கை நாம் முடிந்ததாகக் கருத முடியாது.